படகு கவிழ்ந்த தேதி

செய்தித்தாள் அலுவலகத்தில் அவருக்குத் தேதிக்காரர் என்று பெயர் விழுந்து வெகு காலமாகிவிட்டது. இரண்டாம் பக்கத்தின் இடது மூலையில், வானிலைக்குக் கீழே 'இதே நாளில்' என்று ஒரு கட்டம் வரும். இன்றைய தேதியில் முன்பு எந்தெந்த வருடம் என்னென்ன நடந்தது என்று ஆறேழு வரிகள். அதை எழுதுவதுதான் அவர் வேலை. மெய்ப்புத் திருத்துகிறவராகத்தான் முதலில் சேர்ந்தார். கட்டத்தை எழுதிக்கொண்டிருந்த பெரியவர் கண் மங்கி ஓய்வு பெற்றபோது, அப்போதைய ஆசிரியர் அறையை ஒரு சுற்றுப் பார்த்தார். எல்லோரும் குனிந்துகொண்டார்கள். இவர் அந்த நேரம் பார்த்துத் தண்ணீர் குடிக்க எழுந்தார். மாட்டிக்கொண்டார்.

முதல் ஒரு வருடம் ஆசையாகத்தான் செய்தார். பின்பக்க அறையில் பழைய இதழ்களைத் தைத்துக் கட்டி அடுக்கியிருந்தார்கள். ஒவ்வொரு கட்டையும் இறக்கித் தூசி தட்டினால் அரைமணி நேரத்துக்குத் தும்மல் நிற்காது. ஒரு ராஜா முடிசூடிய நாள், அதே ராஜாவை ஓட ஓட விரட்டிய நாள், ஒரு கப்பல் புறப்பட்ட நாள், அது போய்ச் சேராத நாள் என்று தோண்டத் தோண்ட வந்துகொண்டே இருந்தது. இரண்டாம் வருடம்தான் விஷயம் உறைத்தது. தேதி திரும்பத் திரும்ப வரும். அதே ராஜா மறுபடி முடிசூடுவான், மறுபடி ஓடுவான். போன வருடம் போட்டதையே போட்டால் வாசகர் கேட்பார், புதிதாகப் போடப் பழைய உலகத்தில் புதிதாக எதுவும் நடக்காது. மேசையில் கணினி வந்ததும் வேலை குறையும் என்றார்கள். அதில் ஒரே விஞ்ஞானி இரண்டு தேதிகளில் செத்திருந்தார். எந்தத் தேதியில் அவரைச் சாகவிடுவது என்று இவர் உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

"ஊர் உலகத்துல எவன் எப்பப் பொறந்தான், எப்பச் செத்தான்னு அத்தனையும் தெரியும். நம்ம கல்யாண நாள் மட்டும் இவருக்கு ஞாபகம் வராது" என்று அவர் மனைவி வருவோர் போவோரிடமெல்லாம் சொல்லுவாள். சொல்லிச் சொல்லி அது வீட்டில் வணக்கம் சொல்வது மாதிரி ஆகிவிட்டது. ஒரே மகள் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போன பிறகு அதைக் கேட்டுச் சிரிக்கவும் ஆளில்லை.

மழைக்காலம் முடியப்போகிற சமயத்தில் ஒரு தேதி வரும். அந்தத் தேதி நெருங்க நெருங்க அவருக்குச் சாப்பாடு இறங்காது.

அந்தத் தேதிக்கு வெளியூரில் தேட வேண்டியதில்லை. சொந்த ஊரிலேயே சம்பவம் உண்டு. ஆற்றுக்கு அந்தப் பக்கம் அப்போது ஒரு நூற்பாலை இருந்தது, பாலம் கிடையாது. காலையில் ஆலை ஆட்களை ஒரு மோட்டார் படகு அக்கரைக்குக் கொண்டுபோய் விடும். மழை பெய்து ஆறு நிரம்பி ஓடிய ஒரு காலை, கூட்டம் நிறைந்த படகு நட்டாற்றில், அடித்துக்கொண்டு வந்த ஒரு மரத்தில் மோதியது. பயந்துபோய் எல்லோரும் ஒரே பக்கம் சாய, படகு கவிழ்ந்துவிட்டது. முப்பது பேருக்கு மேல் போய்ச் சேர்ந்தார்கள். பெரும்பாலும் இளம்பெண்கள். படகை ஓட்டியவர் தேதிக்காரரின் அண்ணன்.

அவர் நீந்தி, கைக்கு அகப்பட்டவர்களை இழுத்துப்போட்டார். மறுபடி போனார், மறுபடி இழுத்துவந்தார். அப்புறம் கை ஓய்ந்துவிட்டது. படகின் பக்கவாட்டில் இத்தனை பேர்தான் ஏறலாம் என்று வெள்ளைப் பெயின்டில் எழுதியிருந்தது. அன்றைக்கு ஏறியவர்கள் அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. தினமும் அப்படித்தான். ஆலையில் நேரத்துக்குப் போகாவிட்டால் கதவைச் சாத்திவிடுவார்கள் என்று அந்தப் பெண்கள் கெஞ்சுவார்கள், அண்ணன் ஏற்றிக்கொள்வார். படகின் முதலாளி நீதிமன்றத்தில், நான் எழுதித்தானே வைத்திருந்தேன் என்று அந்த வெள்ளை எழுத்தைக் காட்டிக் கையைக் கழுவிக்கொண்டார். அண்ணனைக் கேட்டபோது அவர், "ஏத்தினேன்" என்று ஒரு வார்த்தை சொன்னார். அதற்கு மேல் வக்கீல் எவ்வளவோ தூண்டியும் வாய் திறக்கவில்லை. சிறைக்குப் போனார்.

தண்டனை முடிந்து வந்தவருக்குப் போக்கிடம் இல்லை. கல்யாணம் ஆகாதவர். தம்பி போய்க் கூட்டிவந்து பின்பக்க அறையைக் கொடுத்தார். மனைவி முதலில் முணுமுணுத்தாள், அப்புறம் பழகிக்கொண்டாள், அப்புறம் அவர் இல்லாமல் சமையலறையில் அவளுக்கு ஓடாது என்றாகிவிட்டது. பின்வாசல் அருகே ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, நூல் பிடித்தது மாதிரி காய் நறுக்கிக் கொடுப்பார். சொட்டுகிற குழாயைச் சரிசெய்வார். துணி மடிப்பார். தெருப்பக்கம் வரமாட்டார். பேச்சும் அளவுதான். அவருக்கு ஒரே பொழுதுபோக்கு செய்தித்தாள். தலைப்பில் தொடங்கி ஏல அறிவிப்பு, காணாமல்போனவர் அறிவிப்பு வரை ஒரு எழுத்து விடாமல் படிப்பார்.

தம்பி அந்தக் கட்டத்தை எழுத ஆரம்பித்தது அண்ணன் வீட்டுக்கு வந்த பிறகு. முதல் வருடம் அந்தத் தேதி வந்தபோது எழுதத்தான் எழுதினார். 'ஓட்டுநரின் கவனக்குறைவால்' என்று பழைய இதழில் இருந்தபடியே ஒரு வரி. அதைக் காலையில் பின்வாசலில் உட்கார்ந்து அண்ணன் படிப்பதை நினைத்துப் பார்த்தார். தாளைக் கசக்கிப் போட்டார். அந்த இடத்தில் எங்கோ பிறந்த ஒரு இசைக்கலைஞரைப் போட்டு நிரப்பினார். மறுநாள் யாரும் கேட்கவில்லை. பழைய ஆசிரியருக்கு எல்லாம் தெரியும். மூக்குக்கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். அடுத்த வருடம் விடுவது சுலபமாக இருந்தது. அதற்கடுத்த வருடம் யோசிக்கக்கூட இல்லை. பழைய ஆசிரியர் போனார். ஆற்றின் மேல் பாலம் வந்தது. ஆலையை மூடி, அந்த இடத்தில் கடைகள் கட்டினார்கள். அலுவலகத்துக்குப் புதிதாக வந்த பிள்ளைகளுக்கு இங்கே ஒரு காலத்தில் படகு ஓடியதே தெரியாது.

ஒவ்வொரு வருடமும் அந்தக் காலை மட்டும் ஒன்று நடக்கும். தேதிக்காரர் கூடத்துக் கண்ணாடியில் முகம் மழித்துக்கொண்டிருப்பார். பின்வாசலில் உட்கார்ந்திருக்கும் அண்ணன் கண்ணாடியில் தெரிவார். முதல் பக்கம் முடித்து இரண்டாம் பக்கத்துக்கு வந்ததும் இடது மூலையில் கொஞ்ச நேரம் நிற்பார். பிறகு பக்கத்தைத் திருப்புவார். இவரும் மிச்சத் தாடையை மழிப்பார். இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு நாளும் மூச்சு விட்டதில்லை.

இப்படியே போயிருக்கும். ஒரு வருடம், அதே தேதியில், காலை வேலை சூடுபிடிக்கிற நேரத்தில் ஓர் அம்மாள் மாடிப்படி ஏறி வந்தார். மூச்சு வாங்கியது. கையில் அன்றைய இதழ், இரண்டாம் பக்கம் வெளியே தெரிகிற மாதிரி மடித்திருந்தார். கழுத்தில் அளவு நாடா தொங்கியது, அதைக் கழற்றக்கூட மறந்து கிளம்பியிருந்தார். இந்தக் கட்டத்தை எழுதுகிறவர் யார் என்று கேட்டார். எல்லோரும் மூலையைக் காட்டினார்கள்.

வந்து நின்று மடித்த பக்கத்தை மேசையில் வைத்தார். சண்டை போட வந்தவர் மாதிரி இல்லை.

"இங்க பாருங்க. எங்கியோ ஒரு மிருகக்காட்சி சாலையில ஒட்டகச்சிவிங்கி குட்டி போட்டது வந்திருக்கு. எம் பொண்ணு போனது வரலை. வருஷா வருஷம் பார்க்கறேன், வர்றதே இல்லை. ஏன்னு கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்."

தேதிக்காரர் மடித்த பக்கத்தைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். இடம் போதவில்லை என்று சொன்னார். சொன்னதும் அவருக்கே அந்த ஒட்டகச்சிவிங்கி கழுத்தை நீட்டிக்கொண்டு தன்னைப் பார்ப்பது போலிருந்தது.

அதற்குள் புதிய ஆசிரியர் அறையிலிருந்து எட்டிப்பார்த்தார். சின்ன வயது, வெளியூர்க்காரர், வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அம்மாளை உட்காரவைத்து, தேநீர் வாங்கிக் கொடுத்து, முழுவதும் கேட்டார். கேட்கக் கேட்க முகம் மாறியது. இப்படி ஒன்று இந்த ஊரில் நடந்ததே தனக்குத் தெரியாது, மன்னிக்க வேண்டும் என்றார். அடுத்த வருடம் இருபத்தைந்தாவது வருடம் என்று கணக்குப் பார்த்தவர், ஒரு முழுப்பக்கம் போடுகிறோம் என்று வாக்குக் கொடுத்தார். அம்மாளைப் படிவரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து தேதிக்காரர் தலையில் பொறுப்பைக் கட்டினார்.

"நீங்கதான் சார் சரியான ஆள். பிழைச்சவங்க நாலு பேர், பறிகொடுத்தவங்க நாலு பேர். அந்தப் படகுக்காரன் உயிரோட இருந்தா அவனையும் பிடிச்சிடுங்க. அவன் வாயைத் திறந்தான்னா அதுதான் பக்கத்துக்கே உயிர்."

பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுத் தேதிக்காரர் தன் நாற்காலிக்கு வந்தார். அப்போதே சொல்லியிருக்கலாம். அறையில் அத்தனை பேர் இருந்தார்கள். சொல்ல வேண்டிய வாக்கியமும் ரொம்பச் சின்னது. ஆனால் அதைத் தூக்கி வெளியே போட அவருக்குத் தெம்பில்லை. நாளைய தேதி காத்திருந்தது, அதை எழுத உட்கார்ந்தார்.

வீட்டில் மனைவியிடம் மட்டும் சொன்னார். அவள் அடுப்பைத் தணித்துவிட்டு, பின்வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டாள்.

"இப்பவே சொல்லிடுங்க. அவர் பேப்பரைப் பிரிச்சுத் தெரிஞ்சுக்கக் கூடாது."

இன்னும் ஒரு வருடம் இருக்கிறதே என்றார். ஒரு வருடம் என்பது தேதிக்காரருக்குத் தெரிந்த அளவில் ஒன்றுமே இல்லை. போர்களும் முடிசூட்டல்களும் தத்தம் தேதியில் வந்து போயின. கோடை வந்தது, தேதிக்காரருக்குக் கால் வீங்கியது, மகள் வந்து ஒரு வாரம் இருந்துவிட்டுப் போனாள். மழை பிடித்துக்கொண்டபோது ஆசிரியர், அந்த முழுப்பக்கம் எதுவரை வந்திருக்கிறது என்று விசாரிக்க ஆரம்பித்தார். இனி தட்டிக்கழிக்க முடியாது.

ஒரு சாயங்காலம் அந்த அம்மாளின் வீட்டைத் தேடிப் போனார். முன்னறைதான் தையற்கடை. தையல் மெஷின், அதைச் சுற்றித் துண்டுத் துணிகள், சுவரில் ஆணி அடித்து மாட்டிய அரைகுறைச் சட்டைகள். அம்மாள் ஒரு பாவாடைக்கு விளிம்பு அடித்துக்கொண்டிருந்தார். கால் மிதித்தபடியே பேசினார். இவர் எதிரே ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார்.

மகள் ஆலையில் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தனவாம். அன்றைக்கு எழுந்திருக்கும்போதே தலைவலி என்று படுத்திருந்தாளாம். அதெல்லாம் ஒன்றும் இல்லை, மூஞ்சியைக் கழுவிக்கொண்டு கிளம்பு என்று அம்மாதான் எழுப்பி அனுப்பினாராம்.

"லேட்டாயிடுச்சு, ஓடுடின்னு விரட்டினேன். ஓடினா. அவ போறதுக்குள்ள படகு கிளம்பிடுச்சு. கரையில நின்னு கையை ஆட்டியிருக்கா. படகுக்காரர் பாவம்னு திருப்பிக் கொண்டுவந்து ஏத்திக்கிட்டாராம். பக்கத்து வீட்டுப் பொண்ணு ஒண்ணு பிழைச்சுது, அது சொல்லிச்சு. எம் பொண்ணுதான் கடைசியா ஏறினது."

மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. தேதிக்காரர் கையில் இருந்த பேனாவை மூடினார். இதற்கு மேல் உட்கார்ந்து கேட்டால் அது திருட்டு என்று அவருக்குத் தோன்றியது.

"அம்மா, அந்தப் படகுக்காரர் என் கூடப்பொறந்த அண்ணன். அதனாலதான் நான் போடலை. இடம் இல்லைன்னு சொன்னது பொய்."

சக்கரம் நின்றது.  வெளியே யாரோ ரவிக்கைத் துணி கொண்டுவந்து எட்டிப்பார்த்து, நாளைக்கு வருகிறேன் என்று போய்விட்டார்கள்.

"இருக்காரா?"

"எங்க வீட்லதான் இருக்கார்."

அம்மாள் கத்தரிக்கோலை எடுத்து நூலை நறுக்கினார்.

"கோர்ட்டு வாசல்ல வெச்சு அவரைத் திட்டினேன். வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னேன். குனிஞ்சபடியே நின்னார். திட்டினது தப்புன்னு எனக்கு இன்னிக்கும் தோணலை. இன்னொரு தடவை திட்டணும்னும் தோணலை. அவ்வளவு தெம்பு இல்லை." நறுக்கிய நூலை விரலில் சுற்றினார். "அவரை வந்து பாருங்க, மன்னிச்சேன்னு சொல்லுங்கன்னு மட்டும் என்னைக் கேட்டுடாதீங்க."

"அதுக்கு வரலைம்மா."

"எம் பொண்ணு பேர் வரணும். அது ஒண்ணுதான். அவ இருந்தான்னு சொல்றதுக்கு என்னை விட்டா யாரும் இல்லை, எனக்கும் வயசாகுது."

பாவாடையை மறுபடி மெஷினில் சரியாக வைத்தார். தேதிக்காரர் எழுந்துகொண்டார். போய் வருகிறேன் என்று சொல்லலாமா என்று தெரியாமல் தலையை மட்டும் ஆட்டிவிட்டு வெளியே வந்தார். மழை தூறிக்கொண்டிருந்தது. குடையை அங்கேயே விட்டுவிட்டு வந்தது பாதி வழியில்தான் தெரிந்தது. திரும்பிப் போகவில்லை, நனைந்துகொண்டே வீட்டுக்கு நடந்தார்.

அண்ணன் பின்வாசலில் பீன்ஸ் கிள்ளிக்கொண்டிருந்தார். தலையைத் துவட்டுங்கள் என்று மனைவி துண்டைக் கொடுத்தாள். துவட்டாமல் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அண்ணனுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். அவள் புரிந்துகொண்டு உள்ளே போனாள்.

முழுவதும் சொன்னார். அந்த அம்மாள் படியேறி வந்தது, ஒட்டகச்சிவிங்கி, முழுப்பக்கம், தையற்கடை, கடைசியாக ஏறிய பெண். அண்ணனின் கை பீன்ஸைக் கிள்ளுவதை நிறுத்தவில்லை. கடைசியாக ஏறிய பெண் என்றதும் ஒரு தடவை நின்றது.

"மஞ்சள் குடை வெச்சிருந்த பொண்ணா?"

தெரியவில்லை என்றார் தம்பி. கேட்கவில்லை என்றார்.

"ஒரு பொண்ணு மஞ்சள் குடையை ஆட்டிச்சு. அதுக்காகத்தான் திருப்பினேன்" என்றார் அண்ணன். மறுபடி கிள்ள ஆரம்பித்தார். தம்பி, உங்களுக்கு வருத்தமாக இருக்குமே என்றுதான் இத்தனை வருடமும் விட்டேன் என்று தட்டுத்தடுமாறிச் சொன்னார்.

"தெரியும்டா. பார்த்துக்கிட்டுத்தானே இருக்கேன். முதல்ல ரெண்டு மூணு வருஷம் நிம்மதியாத்தான் இருந்துச்சு. அப்புறம் ஒரு மாதிரி ஆயிடுச்சு. நீயும் போடலை, ஊரும் பேசலை. அப்படி ஒண்ணு நடக்கவே இல்லைன்னா நான் எதுக்குடா உள்ளே இருந்துட்டு வந்தேன்? அத்தனை பொண்ணுங்களும் எங்கே போச்சு?"

அவர் ஒரே மூச்சில் இவ்வளவு பேசித் தம்பி கேட்டதில்லை. பேசி முடித்ததும் அவருக்கே களைப்பாகிவிட்டது. கையைச் சுவரில் ஊன்றி எழுந்து, பீன்ஸ் தட்டைக் கொண்டுபோய் அடுப்படியில் வைத்துவிட்டு, தன் அறைக்குப் போய்ப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் தேதிக்காரர் ஆசிரியரிடம் விஷயத்தைச் சொன்னார். ஆசிரியருக்குத் தர்மசங்கடம். படகுக்காரன் படகுக்காரன் என்று ஏகவசனத்தில் பேசியதெல்லாம் நினைவுக்கு வந்திருக்க வேண்டும், காது சிவந்துவிட்டது. முன்னாடியே சொல்லியிருக்கலாமே சார் என்றார். வேறு யாரிடமாவது கொடுத்துவிடட்டுமா என்று கேட்டார். வேண்டாம், நானே எழுதுகிறேன், ஆனால் அண்ணனிடம் பேட்டி கிடையாது, முழுப்பக்கமும் வேண்டாம் என்றார் இவர். நடந்தது என்ன என்று ஒரு பத்தி, அதற்குக் கீழே போனவர்கள் எல்லோருடைய பெயரும் வயதும். ஆசிரியர் யோசித்து, அரைப்பக்கம் கொடுத்தார்.

பெயர்களைச் சேர்ப்பது பெரிய பாடாகிவிட்டது. பழைய இதழில் பாதிப் பெயர்கள் தப்பு. வீடு வீடாகப் போனார். சிலர் பேசினார்கள், சிலர் பழசைக் கிளறாதீர்கள் என்று கதவைச் சாத்தினார்கள். ஒரு வீட்டில் செத்துப்போன பெண்ணின் அண்ணன், தங்கையின் வயதை மறந்துபோய் விரல்விட்டு எண்ணிப் பார்த்தவர், நடுவில் எண்ணுவதை விட்டுவிட்டு அழுதார். தேதிக்காரர் எல்லோரிடமும் தான் யார் என்பதை முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தார். அதனால் உட்காரச் சொல்லாத வீடுகளும் உண்டு.

எழுதிய பத்தியை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்னால் அண்ணனிடம் காட்டினார். அவர் கண்ணருகே கொண்டுபோய் இரண்டு முறை படித்தார். 'அளவுக்கு மீறிய பாரம் ஏற்றப்பட்டதால்' என்ற இடத்தில் விரலை வைத்தார்.

"பாரம்னு போடாதே. மூட்டையா ஏத்தினேன்? ஆளுங்கடா. ஏத்தப்பட்டதுன்னும் போடாதே. நான் ஏத்தினேன்."

அளவுக்கு மீறி ஆட்களைப் படகோட்டி ஏற்றியதால் என்று மாற்றினார் தேதிக்காரர். ஆற்றில் மரம் வந்ததையும், முதலாளி அதே கூட்டத்தைத் தினமும் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்ததையும் அடுத்த வரியில் அவராகச் சேர்த்தார். அண்ணன் அதையும் படித்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

அந்தத் தேதி வந்தது. மழை விட்டிருந்தது. அண்ணன் செய்தித்தாளைப் பிரித்து முக்காலியில் உட்கார்ந்தார். முதல் பக்கத்தைப் படிக்காமல் நேராக இரண்டாம் பக்கத்துக்கு வந்தார். பெயர்களின் மேல் விரலை வைத்து ஒவ்வொன்றாக, உதடு அசைய, வாசித்துக்கொண்டு போனார். தம்பி அன்றைக்கு முகம் மழிக்கவில்லை, பக்கத்திலேயே நின்றார். மனைவி தேநீர் கொண்டுவந்து வைத்தாள், அது ஆறிப்போயிற்று. முடித்ததும் அண்ணன், ஆற்றங்கரைக்குப் போகலாமா என்று கேட்டார்.

இரண்டு பேரும் பேருந்தில் போனார்கள். அண்ணன் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஊர் எப்படியெல்லாம் மாறியிருக்கிறது என்று பார்க்கக்கூடச் செய்யாமல், தன் முழங்காலையே பார்த்துக்கொண்டு வந்தார். படகுத்துறை இருந்த இடத்தில் இப்போது வண்டிகள் நிறுத்துகிறார்கள். யாரும் ஏற்பாடு செய்யவில்லை, ஆனால் பத்துப் பதினைந்து பேர் அன்றைய இதழின் அந்தப் பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு தண்ணீர் ஓரமாக நின்றிருந்தார்கள். யாரோ பூக்கள் கொண்டுவந்திருந்தார்கள். தையற்கார அம்மாளும் இருந்தார். தேதிக்காரர் விட்டுவிட்டு வந்த குடையைக் கையில் வைத்திருந்தார்.

அண்ணன் சாலையைக் கடக்கவில்லை. இங்கேயே போதும் என்று எதிர்ப்பக்கம் ஒரு கடைக் கூரையின் கீழ் நின்றுகொண்டார். அங்கே நிற்பவர்களில் யார் யார் என்று அவர் கேட்கவில்லை, இவரும் காட்டவில்லை. ஆறு அமைதியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பாலத்தின் மேல் வண்டிகள் ஓடின. அந்தக் கூட்டம் கலையும் வரை அண்ணன் கால் மாற்றாமல் நின்றார். கடைசி ஆளும் போன பிறகு, "சரி, வா" என்றார். திரும்பும்போது பேருந்தில் இடம் இருந்தும் உட்காரவில்லை.

அதற்கப்புறம் எல்லாம் சுகமாகிவிட்டது என்று சொல்வதற்கில்லை. அலுவலகத்துக்கு நாலைந்து பேர் தொலைபேசியில் கூப்பிட்டு, கொலைகாரனின் தம்பிக்கு எழுத என்ன யோக்கியதை என்று கேட்டார்கள். அது நியாயமான கேள்விதான் என்று தேதிக்காரருக்குப் பட்டது, அதனால் எதிர்த்துப் பேசாமல் முழுவதும் கேட்டுவிட்டு வைத்தார். தெருவில் விஷயம் பரவியது. மாடிவீட்டுக்காரர் அண்ணனைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பக்கத்து வீட்டுப் பெண்மணி வழக்கமாகக் கொடுத்தனுப்பும் முருங்கைக்காய் நின்றது. மனைவி இரண்டு நாள் பொருமினாள். அண்ணன், "சரிதாம்மா, அவங்களுக்கு இன்னிக்குத்தானே தெரியும்" என்றார்.

ஆனால் அவர் தெருவுக்கு வர ஆரம்பித்தார். முதலில் முக்குக் கடை வரை, பிறகு சந்தை வரை. ஒளிக்க ஒன்றும் மிச்சமில்லை என்று ஆனதும் கால் தானாகக் கிளம்பிவிட்டது போல. காய் வாங்கும்போது பேரம் பேசமாட்டார் என்று கடைக்காரர்களுக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. ஒருநாள் சந்தையில் யாரோ ஒரு ஆள் அவர் சட்டையைப் பிடித்து உலுக்கி, என் அக்கா அந்தப் படகில் இருந்தாள் என்று சொன்னானாம். அதற்கு நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று தம்பி பதறிக் கேட்டார். அக்கா பெயரைக் கேட்டேன், சொன்னான், அந்தப் பெயர் எனக்கு ஞாபகம் இருக்கிறது என்றேன், விட்டுவிட்டுப் போய்விட்டான் என்றார்.

ஒவ்வொரு வருடமும் அந்தத் தேதியில் கட்டத்தின் முதல் வரி படகுதான். தையற்கார அம்மாள் ஒருமுறை குடையைக் கொண்டுவந்து அலுவலக வாசலில் கொடுத்துவிட்டுப் போனதாகக் காவலாளி சொன்னார். மேலே ஏறி வரவில்லை.

நாலு வருடம் கழித்து, ஒரு கோடை மதியம், அண்ணன் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவர் சுவரில் சாய்ந்தபடியே போய்விட்டார். மனைவிதான் பார்த்தாள். காரியங்களுக்கு வந்தவர்கள் சொற்பம். அவருடைய அறையில் எடுத்துக் கொடுக்க ஒன்றும் இல்லை, ஒரு முக்காலியும் இரண்டு மாற்றுச் சட்டையும்தான். மனைவி சமையலறையில் நின்றுகொண்டு, காயை இனிமேல் நான் எப்படி நறுக்குவேன் என்று திரும்பத் திரும்பக் கேட்டாள்.  தேதிக்காரர் அவள் பக்கத்தில் உட்கார்ந்து மிச்ச வெங்காயத்தைத் தானே உரித்தார். கண்ணீருக்கு அது வசதியாகவும் இருந்தது.

சில நாட்கள் விடுப்பு எடுத்தார். அந்த நாட்களில் கட்டம் வரவில்லை. அந்த இடத்தில் ஒரு மெத்தைக் கடை விளம்பரத்தைப் போட்டு நிரப்பியிருந்தார்கள். யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. திரும்பிப் போன அன்று அவர் நாற்காலியை யாரோ வேறு மேசைக்கு எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். ஒவ்வொரு மேசையாகத் தேடி, அது யாரிடம் இருக்கிறது என்று கண்டுபிடித்து, எழுந்திருக்கச் சொல்லக் கூச்சப்பட்டு, அந்தப் பெண் சாப்பிடப் போகும் வரை காத்திருந்து எடுத்துவந்து போட்டார். உட்கார்ந்தார். கணினியைத் திறந்து, நாளை என்ன தேதி என்று பார்த்தார்.